இடப்பக்கத்துக் குரல்

எழிலரசிக்கும் எனக்கும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசை. பல வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கோப்புகளில் முத்திரை குத்தும்போது அவள் முணுமுணுவென்று ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் கரகரப்பான குரல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சை இழுப்பது தனியாகக் கேட்கும். மனுக்கொடுக்க வந்தவர்கள் சிலர் வேலை முடிந்த பிறகும் அந்த ஜன்னலோரம் நின்றுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கலசபாக்கம் பக்கத்தில் பிறந்தவள். பள்ளிக்கூட நாளில் நாலைந்து வருஷம் முறையாகப் பாட்டு கற்றிருக்கிறாள். கல்யாணத்தோடு அது நின்றது. வீட்டுக்காரர் தடுத்தாரா என்று ஒருமுறை கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. அவருக்குக் கேக்க நேரமில்ல, அவ்ளோதான்" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் கணவர் பரசுராமன் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பாட்டுதான் கேட்பார். கூட்டுறவு வங்கியில் கணக்கர். ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், சென்னையில் பழசாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவே ஒரு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. அவர் பாட்டுக் கேட்கும்போது மிக்சி ஓடக் கூடாது. குக்கர் விசில் அடித்தால் பாட்டை முதலிலிருந்து வைப்பார். எழிலரசி சட்னியை அவர் வருவதற்கு முன்பே அரைத்து வைத்துவிடுவாள். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் ஊரெல்லாம் ஹாரன் சத்தமாக இருக்கும், அன்றைக்கு அவர் யாரோடும் பேசமாட்டார்.

திங்கட்கிழமைகளில் நானும் அவளும் செங்கம் ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் பஜனைக்குப் போவோம். ஆசிரமத்துக்கு வந்து போகிறவர்கள் அங்கே கூடுவார்கள். சில வருஷத்துக்கு முன்னால் அங்கே பெங்களூர்க்காரர் ஒருவர் இவள் குரலைக் கேட்டுவிட்டு வந்து பேசினார். மலையின் நாமாவளி ஒன்றைப் பதிவு செய்வதாகவும், முன்னால் பாட ஒரு பெண் இருப்பதாகவும், பின்னால் துணைக்குரல் வேண்டுமென்றும் சொன்னார். பக்கத்திலேயே மாடியில் அறை எடுத்திருந்தார். சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து வைத்து அதையே ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மதியம் முழுக்கப் பாடினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வியர்த்து வழியப் பாடினாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. முடிந்ததும் அந்த ஆள் அனுப்பி வைக்கிறேன் என்றார். பிறகு எதுவும் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவள் சொல்லப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு எடத்துல பாடினேங்க."

"ம்... அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்து. சத்தம் உள்ள வருது."

ஃபேனை நிறுத்தினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வருஷம் மகாவீர் என்பவர் பரசுராமனுக்கு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். திருவூடல் தெருவில் ஸ்பீக்கர், கேமரா எல்லாம் விற்கிறவர். பரசுராமனின் ஒரே சிநேகிதர் என்றும் சொல்லலாம். அந்தப் பெட்டி தீப்பெட்டி அளவுதான் இருந்தது. டிஏசி என்றார்கள். ஆப்பில் வருகிற பாட்டு போனுக்குள் வெறும் எண்களாகத்தான் இருக்குமாம். அதைச் சத்தமாக மாற்றுகிற வேலையை இந்தப் பெட்டி தனியாக, சுத்தமாகச் செய்யுமாம். விலையும் ஜாஸ்தி இல்லை. அதுவரை பரசுராமன் ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் என்று மாட்டி, ஆப்பில் தரத்தை உச்சத்தில் வைத்து, பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

சாயங்காலம் ஆப் தானாகவே ஒரு நாமாவளியைப் போட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் கூப்பிட்டார்.

"எழிலு, இங்க வா. வந்து இதுல உக்காரு."

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் திரும்ப ஆரம்பத்திலிருந்து வைத்தார்.

"முன்னாடி ஒரு லேடி பாடுறாங்கல்ல, அவங்கள விட்டுடு. இடப்பக்கம் கேளு. பின்னால இன்னொரு குரல் வருது பாரு. மூச்சு இழுக்கிறதுகூட கேக்குது. ப்ளூடூத்ல இதை மொத்தமா முழுங்கிட்டிருந்திருக்கு. இன்னா குரல், இல்ல?"

எழிலரசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இப்போது தெரிந்துவிடும், இந்த வரி முடிந்தால் தெரிந்துவிடும் என்று. பாட்டு முடிந்தது.

"வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"அதான் டிஏசி."

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் இதைச் சொன்னபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. "வாயைத் திறந்து நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"பொண்ணு காலேஜுக்கே போயிட்டா. இத்தனை வருஷமா ஒரே வீட்ல இருக்கிறோம். நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அவள் காத்திருந்தாள். அவரோ தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் வைத்தார். போனில் தெரிந்தவர்களிடமெல்லாம் அந்தப் பின்குரலைப் பற்றியே பேசினார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சமையலறையிலிருந்து அவளும் கூடச் சேர்ந்து பாடினாள். அதே வரி, அதே இடத்தில் மூச்சு. வேண்டுமென்றேதான், கொஞ்சம் சத்தமாகவே பாடினாள்.

ஹாலிலிருந்து அவர் கத்தினார்: "எழிலு, கொஞ்ச நேரம் வாயை மூடினு இரேன். அந்தக் குரலே கெட்டுப்போவுது."

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்றதாகச் சொன்னாள். அழவில்லையாம். சிரிப்புதான் வந்ததாம். அந்த வாரத்திலிருந்து அவள் பஜனைக்கு வருவதை நிறுத்தினாள். மேசையில் முணுமுணுப்பதும் நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாவீர் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்தார். பரசுராமன் அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்து நாமாவளியைப் போட்டார். பாதியிலேயே மகாவீர் கையை உயர்த்தினார்.

"அண்ணா, இது நம்ம அக்கா குரல் மாதிரி இல்ல?"

"எந்த அக்கா?"

"நம்ம வீட்டு அக்காதான்."

பரசுராமன் வாய்விட்டுச் சிரித்தார். "அவளா? பஜனைல கும்பலோட கோவிந்தா போடுறவப்பா அவ. இது ப்ரொஃபஷனல்."

"இல்லண்ணா. நான் வரும்போதெல்லாம் உள்ளேருந்து பாடினு இருப்பாங்க. நான் கேட்டிருக்கேன்."

எழிலரசி டீத் தட்டோடு வாசற்படியில்தான் நின்றிருந்தாள். தட்டை டீப்பாயில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள்.

பரசுராமன் அவளைப் பார்க்கவில்லை. போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். பாடகி பெயர் இருந்தது, பெங்களூர்க்காரர் பெயர் இருந்தது.

"உன் பேர் இல்லையே" என்றார்.

மகாவீர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் சண்டை. எவன் அறைக்கோ போய்ப் பாடியிருக்கிறாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றெல்லாம் கேட்டார். சொன்னேன், நீங்கள் ஃபேனை நிறுத்தச் சொன்னீர்கள் என்றாள். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

இரண்டு நாளில் கோபம் பெருமையாக மாறியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். வங்கியில் எல்லோருக்கும் கேட்கக் கொடுத்தார். பிறகு ஒரு சாயங்காலம் அவளை ஹாலில் நிற்க வைத்து, "எங்க, அந்த வரியைப் பாடு" என்று போனில் பதிவு செய்தார். அவளும் பாடினாளாம். உடனே அதை அந்தப் பெட்டி வழியாகப் போட்டார், அடுத்து நாமாவளியைப் போட்டார், இப்படி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"நேர்ல அவ்ளோ எடுப்பா இல்ல. அவன் மிக்சிங்ல ஏதோ பண்ணியிருக்கான்" என்றார்.

இதைச் சொல்லும்போது எழிலரசி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ அடுத்த தெருவில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். பெங்களூர்க்காரரிடம் சண்டை போட்டாவது பெயரைப் போட வைக்கலாம், நான் எழுதுகிறேன் என்றேன்.

"பேர் போட்டா மட்டும்? வீட்ல இருக்கிறவருக்கே ஆள் தெரியல" என்றாள்.

பதவி உயர்வு வந்தால் வெளியூர் போகவேண்டும் என்று அதுவரை இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றாம் தடவை வந்தபோது சரி என்றாள். செய்யாறு. வீட்டில் சொன்னதும் பரசுராமன் கேட்டது, "யாரு சமைப்பாங்க?" என்பதுதான். சனிக்கிழமை வந்து செய்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியேதான் செய்கிறாள்.

போனில் பேசும்போது ஒருமுறை கேட்டேன், அங்கே பாடுகிறாயா என்று.

"இல்லடி. தோணல" என்றாள். பிறகு, "ரூம்ல மிக்சியை எப்ப வேணா போடலாம். அது நல்லாருக்கு" என்றாள்.

போன மாதம் ஒரு சார்ஜர் வாங்க மகாவீர் கடைக்குப் போனபோது அங்கே பரசுராமன் இருந்தார். புதிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தார்.

"வீடு இப்ப ரொம்ப அமைதியா இருக்குங்க மேடம். சின்னச் சின்ன சத்தம்கூடத் தெளிவா கேக்குது" என்றார்.

குறையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். மகாவீர் தலையைக் குனிந்துகொண்டு சார்ஜரைப் பையில் போட்டார். நான் இதை எழிலரசியிடம் சொல்லவில்லை.