நல்லா வந்ததும்

வாழைப்பழச் சீப்பு வீட்டுக்குள் வந்ததும் சித்தப்பா அதிலிருந்து மூன்றைப் பிய்த்துத் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார். பல வருடங்களாகப் பார்க்கிறேன், ஒளிக்கும் இடம் மாறவே இல்லை. தோல் கறுத்து, வாசனை துணிக்கட்டுகளைத் தாண்டி வாசல்வரை வந்த பிறகுதான் எடுப்பார். "பதம் வந்துடுச்சு" என்பார். அன்றைக்கு மஃபின்.

பெண்கள் உடை தைப்பவர். சமையலறைக்குப் போனாலும் கடைப்பேச்சு விடாது. சாக்லேட் சிப்ஸ் அவருக்குப் பொத்தான். மடிப்பு மடிப்பான காகிதக் கிண்ணம் பாவாடை. மசித்த பழத்தில் முட்டை, எண்ணெய், சர்க்கரை சேர்த்து மாவைக் கொட்டியதும் நாலு கிளறோடு சரி. "ரொம்பக் கையாண்டா துணி நைஞ்சுடும்டா. கட்டி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்." கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ஒருமுறை அதன் நுனி மாவில் தோய்ந்து, யாரோ ஒருவருடைய கவுன் முழுக்க வாழைப்பழம் மணத்தது.

"ஓவன்ல வெக்கறதுக்கு முன்னாடி இடுப்பளவு எடுத்தாச்சா?" என்று சித்தி கேட்பாள்.

"எடுத்தாச்சு. வெந்ததும் உன்னை மாதிரி ஆயிடும்."

மாவை ஊற்றும் குழி குழியான மஃபின் தட்டு அவருடையது இல்லை, மேல்வீட்டு நர்ஸ் அக்காவுடையது. கொடுக்கும்போது, "நல்லா வந்ததும் திருப்பிக் குடுங்க தம்பி" என்றார். அன்றிலிருந்து முதல் மஃபின் மாடிக்குத்தான் போகும். அக்கா படியில் நின்றே கடித்துப் பார்த்து, "பரவால்ல. இன்னும் கொஞ்சம்" என்பார். நாங்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் சித்தப்பா நம்புவதில்லை. "வீட்டாளுங்க சொல்றதெல்லாம் கணக்குல வராது."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அவருடைய இஸ்திரி மேசைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பார்க்கிறவர்களெல்லாம் 'பையன் நல்லா வந்துட்டான்' என்கிறார்கள். வந்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அதே சொல்லை ஒரு தட்டுக்காக அவர் இவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் ஆறுதலாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். வாசலில் வண்டி நின்றது. சித்தப்பா காலையிலேயே ஓவனைப் போட்டிருந்தார். அக்கா இறங்கி வந்து, சூடாக ஒன்றைக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"தம்பி, இது நல்லா வந்திருக்கு."

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. அவசரமாக இன்னொன்றைப் பிட்டார். "எங்கேக்கா நல்லா வந்திருக்கு? பாருங்க, பொத்தானெல்லாம் அடியில உக்காந்துடுச்சு."

"எனக்கு மேலேயே கிடைச்சுதே."

"தலை வேற வெடிச்சிருக்கு."

"வெடிச்சாத்தான் மஃபின்."

"பாவாடை ஒட்டுது!"

"கிடைச்ச நல்ல பேரை வேணாம்னு சண்டை போடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று சித்தி சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அப்போ தட்டு?"

"சூடா இருக்குக்கா. நல்லா வந்ததும் நானே கொண்டுவந்து தரேன்."

"அவ்வளவு தூரம் வரணுமே தம்பி."

"வரணும்தான்."

மஃபின்களை ஒரு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து தட்டைக் கழுவி, வெட்டுத் துணியால் ஒவ்வொரு குழியாகத் துடைத்தார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அதைத் தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்தார்.