பயந்த ஆளிடம் மூன்று கிங்

மாக் மண்டின் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இயந்திரத்தின் வார்ப்பு அச்சு உடைந்தபோது பழி என் மேல் விழுந்தது. போல்ட்டை இறுக்காமல் போனது முந்தைய ஷிப்ட் ஆள். அதைப் பக்கத்து இயந்திரத்தில் நின்று பார்த்தவர் ஒருவர்தான். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியவர். மேனேஜர் கேட்டதும், "நான் ஒன்னும் பாக்கலை பாஸ்" என்றுவிட்டார். எனக்கு வரவிருந்த சூப்பர்வைசர் வேலை அவருக்குப் போனது. பிறகு என் தோளைத் தட்டி, "எதுக்குத் தம்பி நமக்கு வம்பு, விடு லா" என்றார். அந்தத் தட்டலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிறு மதியங்களில் ஜார்ஜ்டவுனில் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து பேர் போக்கர் ஆடுவோம். அண்ணனும் வருவார். சீட்டிலும் அதே ஆள்தான். யாராவது பெரிதாகப் பந்தயம் வைத்தால் உடனே சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார். நல்ல சீட்டு வந்த வேகத்தில் நானும் காசுக்குப் பதிலான சிப்ஸ் வில்லைகளை அள்ளி வைத்து அவரை விரட்டிக்கொண்டிருந்தேன். ஜெயித்தும் ஒன்றும் தேறவில்லை. அப்புறம்தான் உறைத்தது: இவரைப் பயமுறுத்தக் கூடாது.

அன்று என் கையில் இரண்டு கிங். மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த முதல் மூன்று சீட்டு கிங், ஏஸ், நாலு. ஏஸைக் கண்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நான் கொஞ்சமாக வைத்தேன்.

"இவ்ளோதானா?" என்று அவரும் வைத்தார்.

அடுத்தது ஒன்பது. சற்றுக் கூட்டி வைத்தேன். வந்தார். கடைசிச் சீட்டு இன்னொரு நாலு. அவரிடம் மிச்சமிருந்ததில் பாதியளவு மட்டும் வைத்தேன். முழுவதையும் கேட்டிருந்தால் ஓடியிருப்பார்.

"என்னடா, பயமா?"

"கொஞ்சம் பயமாத்தான் இருக்குண்ணே."

சிரித்துக்கொண்டே வைத்தார். ஏஸும் ஒன்பதும் காட்டினார். அதை வெல்லும் என் மூன்று கிங், இரண்டு நாலைப் பார்த்ததும் முகம் கறுத்தது. அடுத்த ஆட்டத்திலேயே, வாழ்நாளில் முதல்முறையாக, கோபத்தில் மீதியை மொத்தமாகத் தள்ளினார். அதையும் நானே எடுத்தேன்.

"பயமா இருக்குன்னு பொய் சொன்னியேடா!"

"மேனேஜர்கிட்ட நீங்க சொன்னதைவிட இது சின்னப் பொய்ண்ணே."

"என்ன விஷயம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அண்ணன் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மறுக்காமல் எழுந்து போனார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அண்ணன் இருப்பதிலேயே மோசமான இயந்திரத்தில் என்னைப் போட்டார். நாள் முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.