தனியை ஓட்டிவிட்டுப் பார்த்த படம்

மயிலாப்பூரில் என் அத்திம்பேர் வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கிடார் வாசித்துப் பாடும் கச்சேரிப் படத்தைப் பார்த்தோம். பார்த்தவர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். நடந்தது அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. பஜ்ஜி சூடாக இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து, வேறெதையோ எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கூடம் வந்து என் காகிதத்தின் மேல் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. நகர்ந்து படு என்றால் நகர்வதில்லை. சரி, இன்றைக்கு அதையே எழுதித் தொலைக்கிறேன்.

அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியது ஒரு ட்ரம்ஸ்காரருக்காக. தியாகராய நகரில் நான் விளம்பரப் பாட்டுக்கு வரி எழுதிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அவர் வாசிக்க வருவார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ராயப்பேட்டைக்காரர். அதற்கு முன்னால் வெகுகாலம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தவர். ரெக்கார்டிங் தியேட்டரில் ஆளுக்குப் பெயர் கிடையாது, வாத்தியம்தான் பெயர். “வயலின்லாம் வந்தாச்சா?” என்பார்கள். “ஃப்ளூட்டு சாப்பிடப் போயிருக்கு” என்பார்கள். இவர் ட்ரம்ஸ். சத்தம் மற்ற மைக்குகளுக்குப் போய்விடக் கூடாது என்று கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் அடித்த அடி கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் ஆட்டோவிலும் ஊர் முழுக்க ஓடியது. கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவர் இருக்க மாட்டார்.

பிறகு பெட்டி வந்தது. தட்டினால் தாளம் தரும் பெட்டி. அதற்குப் பசிக்காது, அது வெற்றிலை போடாது, பேட்டா கேட்காது. கூப்பிடுவது முதலில் குறைந்தது, அப்புறம் பண்டிகைக்கு விசாரிப்பது போல் ஆயிற்று, அப்புறம் அதுவும் இல்லை. அவர் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரு தடவை, எங்கள் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

“ஒரே ஒரு சாய்ங்காலம் நைனா. ஸ்டேஜ்ல. இத்தினி வருசம் ஜனங்க என்னைக் கேட்டுகினு இருந்தாங்க. ஒருத்தன் பாத்தது இல்ல. ஒருக்கா பாக்கணும், அவ்ளோதான்.”

அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் எல்லாம். கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கிடார்காரர் ஒருவரும் அவருடைய சிநேகிதரான கீபோர்டுக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். தமிழில் ராக் பாட்டு. வார்த்தைகள் என்னுடையவை. மேடைதான் இல்லை. என் அக்காவின் கணவர், அதாவது அத்திம்பேர், ஒரு சின்ன சபாவுக்குக் காரியதரிசி. பள்ளிக்கூட ஹாலில் மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்துவார்கள். மெல்லிசைக்கு என்று ஒரு தேதி காலியாக இருந்தது. கேட்டேன். அவர் மறுக்கிற ஆளே இல்லை.

“எனக்கு ஆட்சேபணை இல்லைடா. ஆனா கமிட்டி கேக்கும். ராக்குனா என்னன்னு அவாளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு கேசட் கொண்டுவா. எல்லாருமா பார்த்துடறோம்.”

ட்ரம்ஸ்காரர் பனகல் பார்க் பக்கத்து வீடியோ கடையில் தேடிப் பிடித்து வந்தது அந்தப் படம். அவரே தேர்ந்தெடுத்தார், காரணத்தோடு. “பாட்டு பாடிகினே கீறாருல்ல, பெரியவரு? பாதிக்கு மேல ஸ்டேஜையே ட்ரம்ஸ்காரன் கைல வுட்டுட்டு உள்ள போய்டுறாரு. நம்மாளு ஒண்டியா பொளந்து கட்டுவான். அத்த பாத்தா போதும், உங்க மாமாங்க டேட்டு குடுத்துருவாங்க.”

அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அக்கா தட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைத்து நீட்டியபோது என் காதருகே குனிந்தார்.

“இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தா மாரி கீது. நான் பொண்ணா, மாப்ளையா?”

சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. பெண்ணாவது கூடத்துக்கு வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போய்விடலாம். இவர் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

கமிட்டி என்றால் அத்திம்பேரைத் தவிர இரண்டு பேர். வங்கியில் ஓய்வு பெற்ற பொருளாளர், தெருவில் பாதிப் பேருக்கு வீணை சொல்லிக்கொடுத்த டீச்சர் மாமி. அக்கா கமிட்டியில் இல்லை, ஆனால் அவள் அபிப்பிராயத்துக்கு யாரும் தடை போட்டதில்லை. கேசட் உள்ளே போனது. பெரிய கலர் டிவியில் புகை, நீல வெளிச்சம், கடலலை மாதிரிக் கைகள். நடுவில் அந்தக் கிழவர். தலை முழுக்க வெள்ளை. முகத்தில் பழைய ரயில்வே மேப் போலக் கோடுகள்.

“பாவம், பேரன் பேத்தி எடுத்திருப்பார்” என்றாள் அக்கா. “இந்த வயசுல இப்படி வேர்க்க விறுவிறுக்க நிக்கணுமா? ஆத்துல யாரும் சொல்ல மாட்டாளா?”

“சாரீரம் கொஞ்சம் உடைஞ்சிருக்கு” என்றார் பொருளாளர். “ஆனா ஸ்ருதியில நிக்கறார். அதை ஒத்துக்கணும்.”

“கூட்டத்தைப் பாருங்கோ, அத்தனை பேரும் நின்னுண்டே கேக்கறா” என்றார் டீச்சர் மாமி. “நமக்கும் இப்படி வாய்ச்சா நாற்காலி வாடகை மிச்சம்.”

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கிடாரை இழைத்தார். பொருளாளர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அட, இது சுத்த தன்யாசின்னா!”

“உதயரவிசந்திரிகா” என்றார் மாமி.

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னு யார் சொன்னா? என் வாத்தியார் காதுல விழுந்தா விரலை மடக்கி அடிச்சிருப்பார்.”

இரண்டு பாட்டு போவது தெரியாமல் அந்த ராகச் சண்டை நடந்தது. ட்ரம்ஸ்காரர் அவர்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு தைரியம் ஏறிக்கொண்டிருந்தது. பிடிக்கவில்லை என்றால் இப்படிச் சண்டை போடுவார்களா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிழவர் ஒரு பாட்டை முடித்து, தாங்க முடியாத கைதட்டலுக்கு நடுவில், பின்னால் உட்கார்ந்திருந்த ட்ரம்ஸ்காரனைக் கையால் காட்டிவிட்டு இருட்டுக்குள் போனார். முதல் அடி விழுந்தது.

கூடத்தில் எல்லாரும் எழுந்தார்கள்.

யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. முழங்கால்கள் சொடுக்கின, வேட்டி உதறப்பட்டது, புடவைத் தலைப்பு இழுத்துச் செருகப்பட்டது. “தனி வந்துடுத்து” என்றார் பொருளாளர், பின்கட்டுக்கு வழி கேட்டபடி. “நான் காபி கலக்கறேன்” என்றாள் அக்கா. கச்சேரியில் தாள வாத்தியக்காரருக்கு என்று விட்டுவைக்கும் நேரம் தனி. எங்கள் பக்கத்து ரசிகர்களில் பாதிப் பேருக்கு அது கேன்டீனுக்குப் போகும் நேரம். மார்கழிக்கு மார்கழி எழுந்து எழுந்து உடம்பே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. பூகோளத்தின் மறுகோடியில் ஒருவன் தாளம் தட்டினாலும் மயிலாப்பூரில் முழங்கால் நிமிர்கிறது.

அத்திம்பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார், ரிமோட்டோடு. “காபி குடிச்சுட்டு அவா வர்றதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சுடும். ஓட்டி வெச்சுடறேன்.” அவ்வளவு அக்கறை. பட்டனை அழுத்தினார்.

திரையில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. சத்தம் போய்விட்டது. அந்த மனிதனின் கைகள் மேசை விசிறி மாதிரிச் சுழன்றன, தலை வெட்டி வெட்டி ஆடியது, வியர்வை தெறித்தது. சத்தமே இல்லாமல். வலிப்பு வந்தவனை ஜன்னலுக்கு வெளியிலிருந்து பார்ப்பது போல் இருந்தது.

“அத்திம்பேர், அதுதான்...” என்று நான் ஆரம்பித்தேன்.

ட்ரம்ஸ்காரர் என் தொடையில் கை வைத்து அழுத்தினார். “வுடு நைனா.”

காபி வந்தது. படம் முடிந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது, கசப்பு அதுதான். அந்தக் கிழவரை அவர்கள் பிய்த்துப் போட்டிருந்தால் நாங்கள் எழுந்து வந்திருப்போம்.

“நன்னாத்தான் இருக்கு” என்றார் பொருளாளர். “ஃப்யூஷன்னு போட்டா ஜனங்க வருவா. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறா.”

“கிடார் வெச்சுக்கலாம், கீபோர்டு வெச்சுக்கலாம்” என்றார் டீச்சர் மாமி. “ட்ரம்ஸ் மட்டும் வேண்டாமே. அந்த ஹால்ல கைதட்டினாலே எதிரொலிக்கறது. பக்கத்துல ஆஸ்பத்திரி வேற.”

“மென்மையா வாசிப்பார் மாமி” என்றேன்.

“மென்மையா வாசிக்கறதுக்கு அது எதுக்குப்பா?” மாமி நிஜமாகவே கேட்டார்.

பொருளாளருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. முகம் மலர்ந்தது. “ஏன் சார், இப்பல்லாம் கீபோர்டுலயே ட்ரம்ஸ் வர்றதாமே? என் மருமான் வெச்சிருக்கான். பட்டனைத் தட்டினா அதுபாட்டுக்கு அடிக்கறது. சத்தம் வேணும்னா கூட்டலாம், குறைக்கலாம். சௌகரியம்.” அவர் திரும்பி ட்ரம்ஸ்காரரையே கேட்டார்: “உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, நல்ல பெட்டி எது?”

ட்ரம்ஸ்காரர் டபராவைக் கீழே வைத்தார். நிதானமாக ஒரு பெட்டியின் பெயரைச் சொன்னார். “அதான் சார் நல்லது. ரிப்பேரு வராது.”

“பார்த்தேளா!” என்றார் பொருளாளர்.

அத்திம்பேர் வாசல் வரை வந்தார். “நீங்களும் அவசியம் வரணும். முன் வரிசையில நாற்காலி போட்டுடறேன்.”

லஸ் முனையிலிருந்து ராயப்பேட்டை வரை நானும் ட்ரம்ஸ்காரரும் நடந்தே போனோம். நான்தான் கத்திக்கொண்டே போனேன். நிகழ்ச்சியே வேண்டாம், என் வரிகளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், அந்தக் கிழங்களுக்கு என்ன தெரியும், சுத்த தன்யாசியாம். அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் படத்தைப் பற்றிச் சொன்னார்கள், அவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன்.

“படமா?” என்றார். “எங்கூட்டு டிவில சரியா தெர்யல நைனா. உங்க மாமா டிவில தெர்ஞ்சுது. அந்த ட்ரம்ஸ்காரன் காதுல இன்னா மாட்டிகினு கீறான் பாத்தியா? ஹெட்போனு. உள்ள டொக்கு டொக்குனு மிசினு அடிக்கும். அதுங்கூடத்தான் அவனும் வாசிக்கணும். அங்கயும் அதே கத தான்.”

கொஞ்ச தூரம் போனோம்.

“அந்த ஒண்டியா வாசிக்கிற எடம் வந்துச்சுல்ல? அப்போ அத்த கழட்டி கீழ போட்டான். உங்க மாமா ஓட்டினப்போ பாத்தேன். கழட்டிட்டு சிரிச்சான்.”

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. “வா நைனா. பசங்களுக்கு டேட்டு கெடச்சுகீது, கெடுக்காத. கிடாரு எம்மா நாளா காத்துகினு கீறான்.”

அதற்கப்புறம் அவர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டுக்காரர் பெட்டியில் போட்டு வைத்த தாளமெல்லாம் தப்பாக இருந்தது. ஒன்று இழுத்தது, ஒன்று முட்டியது. ட்ரம்ஸ்காரரே அடையாற்றில் கீபோர்டுக்காரர் வீட்டுக்குப் போய், பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம் வைத்துக் கொடுத்தார். எந்த இடத்தில் விட வேண்டும், எந்த இடத்தில் சேர வேண்டும், எல்லாம். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் அந்தச் சின்னப் பட்டன்களில் கொத்திக்கொண்டிருந்தன. தன் கையையே கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிக்குள் இறக்கிவைத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாட்டில் மட்டும் சிக்கல். தண்ணீர் லாரியைப் பற்றி நான் எழுதியது. தெருவே குடத்தோடு காத்திருக்கிறது, யாரோ “வந்துடுச்சு” என்கிறார்கள், அவ்வளவுதான் பாட்டு. அந்த இடத்தில் அவர் நாலைந்து தடவை பெட்டியை நிறுத்தினார், மறுபடி போட்டார். “இங்க வேகம் ஏத்த முடியுமா?” என்று கீபோர்டுக்காரரிடம் கேட்டார். ஒரு வேகம் வைத்தால் கடைசி வரை அதே வேகம்தான் என்று அவர் சொன்னார். ட்ரம்ஸ்காரர் சரி என்று எழுந்துவிட்டார்.

அழைப்பிதழில் மெட்ராஸ் என்று போடுவதா, சென்னை என்று போடுவதா என்று கமிட்டி ஒரு வாரம் விவாதித்தது. தாளம் யார் என்று போட இடமே விடவில்லை. அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. முடிந்ததும் அத்திம்பேர் என் தோளைத் தட்டினார்.

“பார்த்தியா, ட்ரம்ஸ் இல்லாமலே எவ்வளவு பாந்தமா இருந்துது! தாளம் ஒரு இழை நகரலை. வீணை டீச்சரே சொல்றா.”

அவர் சந்தோஷப்பட்டார். நிஜமான சந்தோஷம். அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மறுநாள் ஆபீசுக்கு ட்ரம்ஸ்காரரிடமிருந்து போன் வந்தது. ஏதோ பூத்திலிருந்து, பின்னால் பஸ் ஹார்ன். எப்படி நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், கிடார் நன்றாக வாசித்தானா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“நைனா, அந்தத் தண்ணி லாரிப் பாட்டு. வந்துடுச்சுன்னு வர்ற எடத்துல ஏறிச்சா?”

“இல்லண்ணே. ஒரே வேகம்தான். கரெக்டா இருந்துச்சு.”

“கரெக்டா இருந்துச்சா?” என்றார். “ஏறணும் நைனா. லாரி வருதுல்ல? குடத்த எடுத்துகினு ஓட வாணாமா?”