மூன்றா, நான்கா

என் அண்ணன் ஆம்பூர் தோல் கம்பெனியில் பதனிடும் மருந்து கலக்கும் இடத்தில் நின்று நின்றே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். கடைசி மாதங்களில் இருமல் அவரைப் படுக்கவே விடவில்லை. சுவரில் சாய்ந்தபடிதான் தூங்கினார், அதுவும் அரைகுறையாக.

எங்கள் தெருவில் பாதிப் பேர் பௌத்தர்கள். சாவு வீட்டில் மேளம் கிடையாது, கற்பூரம் கிடையாது. வெள்ளைத் துணி போர்த்தி, உலகத்தின் இலக்கணங்கள் என்று புத்தர் சொன்ன இயல்புகளை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வோம். அதன் பிறகுதான் எடுப்போம். சொல்வதற்கு ஒரு ஆள் போதும். அண்ணன் போன அன்று இரண்டு பேர் வந்து தொலைத்தார்கள். விகாரைப் பெரியவரைத் தெருக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் மகன் தன் பங்குக்கு வேலூரிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்து வந்திருந்தான்.

பெரியவர் தொடங்கினார். எல்லாம் மாறும். எல்லாம் துக்கம். எதிலும் நான் என்று ஒன்று இல்லை. நாங்கள் திருப்பிச் சொன்னோம். அண்ணி மட்டும் சொல்லவில்லை.

"அவ்ளோதானா ஐயா? அவரு இப்ப நிம்மதியா இருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

பேராசிரியர் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "நாலாவது இருக்குதும்மா. நிர்வாணமே அமைதி. ஆசையெல்லாம் அணைஞ்ச நெல அது. திபெத்துல அதயும் சேத்து நாலு முத்திரன்னு சொல்லுவாங்க."

"பாலி நூலுங்கள்ல மூணுதான்" என்றார் பெரியவர். "மூணும் இந்த உலகத்தோட இலக்கணம். நீங்க சொல்ற நிர்வாணம், அந்த நிப்பாணம், அதுல எப்டி வரும்? வந்தாலும், இவரு அத அடைஞ்சாருன்னு யாரு சொன்னது?"

அண்ணியின் முகம் செத்துப்போனது. அதை அந்த இருவரும் பார்க்கவே இல்லை. ஆதாரம் தேடி ஒருவர் இலங்கைக்குப் போனார், இன்னொருவர் சீனாவுக்குப் போனார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கூடப்பிறந்த தங்கை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்! இருமி இருமிச் செத்த மனுசன வெச்சிக்கினு இன்னா பஞ்சாயத்து இது?"

அப்போதும் அந்தப் பேராசிரியர் விரலைத் தூக்கினார். "இல்லம்மா, இது ரொம்ப முக்கியமான வித்தியாசம்..."

அவரை அங்கேயே அறைந்திருப்பேன். அதற்குள் அண்ணி எழுந்துவிட்டார். அண்ணனின் காதருகே குனிந்தார்.

"இனிமே இருமல் வராது. நல்லா நீட்டிப் படுத்துக்க."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

இனிமேல் இருமல் வராது என்று தெருவே திருப்பிச் சொன்னது. அந்த இருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் அண்ணனைத் தூக்கினோம்.