இல்லாத இடத்தில் ஒரு படி

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கும் இரண்டு பாகக் கண்ணாடி வந்து சேர்ந்தது. மத்தியானம் முலுண்டில் ஆபீஸ் பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மேல் பாகம் தூரத்துக்கு, கீழ்ப் பாகம் படிக்க. வெளிச்சம் இரண்டிலும் வேறு வேறு மாதிரி வளையும், கீழ்ப் பாகத்தில் தரை கொஞ்சம் தூக்கித் தெரியும், பழகிவிடும் என்றான் கடைக்காரன். பழகுமாம்! அவனுக்கென்ன போச்சு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

சாயங்காலம் திலக் நகர் வண்டிக்கு மாற குர்லா ஸ்டேஷன் பிரிட்ஜில் படி இறங்கினேன். அலுப்பில் கால் ஏற்கெனவே கெஞ்சிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தால் படி எழும்பி வந்து நிற்கிறது. காலை வைத்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. ஐயோ! கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். பின்னாலிருந்து "சலோ ஆன்ட்டி, சலோ!" என்று ஒரே கத்தல்.

பட்ட காலிலே படும் என்பார்கள். வீட்டில் அவர் வாக்கர் பிடித்து நடக்கிறார். போன வருஷம் எங்கள் பில்டிங் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செருப்பு வழுக்கிவிட்டது என்றார். குளிக்க வைப்பதிலிருந்து எல்லாம் நான்தான். நானும் விழுந்தால் யார் யாரைத் தூக்குவது? ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன்னா, இந்தக் கண்ணாடி என்னைக் கொன்னுடும். படியில..."

"மேல வந்து நிக்கும். காலை வச்சா இருக்காது," என்றார், டிவியைப் பார்த்தபடியே. "கண்ணை மட்டும் தாழ்த்தாதே. தலையைக் குனிஞ்சு மேல் பாகத்தால பாரு."

பையைக் கீழே வைத்தேன். அவருக்கும் இரண்டு பாகக் கண்ணாடி உண்டு. நான் வாங்கியதுதான். விழுந்ததிலிருந்து பழைய கண்ணாடியே வசதி என்று அதைத் தொடுவதில்லை.

"அன்னிக்கு அதைத்தான் போட்டிண்டிருந்தேளா?"

தலையை ஆட்டினார்.

"ஏன் சொல்லலை?" கத்தியே விட்டேன்.

"அறுபதாம் கல்யாணத்துக்கு நீ ஆசையா வாங்கித் தந்தது. எப்படிச் சொல்றது?"

அந்தச் செருப்பை வாய்க்கு வந்தபடி திட்டிக் குப்பையில் போட்டவள் நான். அன்றைக்கு இவர், "பாவம், நல்ல செருப்பு" என்று மட்டும்தான் சொன்னார்.