உப்பை நாவால் கண்ட பிலோமினா ரீச்சர்

வேலணையில் பஸ் ஏறி இன்னும் இடம் பிடிக்கவில்லை. நடத்துநர் பின்னால் வந்து தோளைத் தொட்டான். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை.

"சேர், பிலோமினா ரீச்சர் காலமை மோசம் போயிட்டா. நாளைக்குப் பின்னேரம் அடக்கம்."

சொல்லிவிட்டு எனக்கு ரிக்கற் தரவும் மறந்து முன்னால் போய்விட்டான். நான் மண்கும்பானில் இறங்க வேண்டியவன். யாழ்ப்பாணத்துக்குக் கிட்டவாகப் பண்ணைக் கடல் இரண்டு பக்கமும் தெரிந்த பிறகுதான் இறங்காமல் விட்டது உறைத்தது. ரீச்சர் நோயில் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இறங்க மறந்திருந்தேன்.

அவர் விஞ்ஞானம், நான் கணிதம். ஆசிரியர் அறையில் ஒரே மேசையைப் பல வருடம் பங்குபோட்டோம். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய சுத்தத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "கழுவினாப் பாதிப் பிரச்சினை போயிடும்" என்பது அவர் வேதம். கை கழுவிய பிறகு சவர்க்காரத்தையும் ஒருதரம் கழுவித்தான் வைப்பார். "மழையையும் கழுவித்தான் கீழே விடுவீங்கள் போல, ரீச்சர்" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பகிடியை விட்டிட்டு மேசையில இருந்து கையை எடுங்கோ மாஸ்ரர். இப்பதான் துடைச்சனான்" என்றார்.

1997ஆம் ஆண்டு நடந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. படிக்க விரும்பும் பிள்ளை யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். வழியெல்லாம் இராணுவத்தின் சென்றி. இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். காலையில் போனவர் மாலையில் வருவார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத காலம். என் மகள் கவிதா சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தாள். அவளுக்கு விஞ்ஞானம்தான் வேண்டும். "ஒண்டும் வேண்டாம், இஞ்சை கலை படிக்கட்டும், கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. நானும் அதற்குத் தலையாட்டினேன். மகள் எங்கள் இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கல்வி அதிகாரி ஒருவர் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு வருவதாகச் செய்தி வந்தது. விஞ்ஞான வகுப்பு நடத்தும் தகுதி எங்களுக்கு உண்டா என்று அன்று பார்த்து முடிவு சொல்வாராம். ஆய்வுகூடம் என்று எங்களிடம் இருந்தது ஒரு அலுமாரி, அதற்குள் வாய் உடைந்த குடுவைகள். "கையால செய்து காட்டுவம்" என்றார் ரீச்சர். நிலைமின் பொறி ஒன்று செய்வதென்று முடிவாயிற்று. கவிதாவும் உதவிக்குப் போனாள்.

பழைய தையல் மெஷினின் சில்லைக் கையால் சுற்றினால் ஒரு றப்பர் பட்டி ஓடும். அது நிமிர்த்திய பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளால் மேலே போகும். மேலே, வாயோடு வாய் வைத்த இரண்டு அலுமினியச் சட்டிகள். பட்டி கொண்டுபோகும் மின்னேற்றம் சட்டியில் சேரும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் பொறி பறக்கும். ஏட்டில் அப்படித்தான் இருந்தது.

முதலில் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பட்டியாகப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு றப்பரில் கரி கலந்திருப்பதால் மின் அதில் நிற்காது என்று ரீச்சர் புத்தகம் புரட்டிக் கண்டுபிடித்தார். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கும் செம்மண் நிற றப்பர் விரிப்பில் துண்டொன்று வாங்கிவந்து வெட்டினார்கள். அன்று சட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் துள்ளினார்கள். தூசியைப் போக்கினால் இன்னும் பெரிதாக வரும் என்று ரீச்சர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். அதற்குப் பிறகு அந்த 'டிக்'கும் இல்லை. மறுபடி கழுவினார்.

அதிகாரி வந்த அன்றும் அதே கதைதான். கவிதா சில்லைச் சுற்றினாள், சட்டி சும்மா இருந்தது. அதிபர் ரீச்சரின் காதுக்குள், "மற்ற மேசையைக் காட்டுங்கோ" என்றார். ரீச்சர் அதிகாரியிடம் திரும்பினார்.

"சேர், இது வேலை செய்யேல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை. கதிரையில இருங்கோ, உங்களுக்கு முன்னாலயே தேடிப் பாப்பம்."

வகுப்புப் போச்சு என்று நினைத்தேன். மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ரீச்சர் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்: "அண்டைக்குச் சத்தம் வந்தது. அதுக்குப் பிறகு என்னத்தை மாத்தினம்?"

"ஒண்டும் மாத்தேல்லை ரீச்சர்" என்றாள் கவிதா. "கழுவினது மட்டும்தான்."

ரீச்சர் குனிந்து, அதிகாரிக்கு முன்னால், அந்தக் குழாயை நாவால் தொட்டுப் பார்த்தார்.

"உப்பு! பிள்ளையள், எங்கட கிணத்துத் தண்ணி சவர். காய்ஞ்சாலும் உப்புப் படிஞ்சிருக்கும். அது காத்தில இருக்கிற ஈரத்தைப் பிடிக்கும். மின் முழுக்க அதால வழிஞ்சு போகுது. பிழை என்ரதான். கழுவிக் கழுவிக் கெடுத்தது நான்தான்."

பள்ளிக்கூடத்தில் இருந்த நல்ல தண்ணீர் ஒரு பானைதான். அதிகாரியின் தேநீருக்காகத் தூரத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் வந்தது. குழாயையும் பட்டியையும் கழுவ ரீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். "ஐயோ, அது சேருக்குத் தேத்தண்ணிக்கு!" என்று அதிபர் பின்னால் ஓடினார்.

"சேர் சோடா குடிப்பார்" என்றார் ரீச்சர்.

குழாயும் பட்டியும் வெயிலில் காய்ந்து முடியும்வரை அதிகாரி இருந்தார். கவிதா மறுபடி சுற்றினாள். அவரே விரலை நீட்டினார். 'படார்' என்று ஒரு நீலப்பொறி. அவர் கையை உதறிய விதத்தில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். அடுத்த தவணையில் விஞ்ஞான வகுப்பு தொடங்கியது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். அவருடைய துணிவு, நேர்மை, அறிவு என்று. எல்லாம் உண்மைதான். எனக்கு அவர் விட்டுப்போனது வேறு. அந்த வகுப்பில் கவிதா படித்த காலம் முழுவதும் பின்னேரத்தில் எங்கள் வீட்டுப் படலை திறக்கும் சத்தம் கேட்கும். "அம்மா, பசிக்குது" என்று மகள் நேரே குசினிக்குள் போவாள். எத்தனையோ வீடுகளில் அந்த வருடங்களில் பெற்றவர்கள் படலையைப் பார்த்தபடியே இருந்தார்கள். எங்கள் பிள்ளை ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்தாள்.