இருபது பேருக்கு ஓர் அட்டை

இறால் கம்பெனியில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்த மூன்றாம் மாதம் அந்த அட்டையைச் செய்தேன். இறால் உரிக்கும் மேசைக்கு இருபது பெண்கள். ஒருத்தி கழிப்பறைக்குப் போவதென்றால் கையுறை, தொப்பி, அங்கி, ரப்பர் பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பும்போது குளோரின் தண்ணீரில் கைகால் நனைத்து மறுபடி மாட்ட வேண்டும். கால் மணி நேரம் போய்விடும். மூன்று பேர் சேர்ந்து போனால் இறால் தேங்கும். எனவே மேசைக்கு ஒரு சிவப்பு அட்டை. அது ஆணியில் தொங்கினால்தான் அடுத்தவள் போகலாம். "படிச்ச பயலுக்குத்தான் இதெல்லாம் தோணும்" என்றார் மேனேஜர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அன்று முழுக்க அந்தச் சொல் இனித்தது.

மூன்றாம் மேசையில் என் அக்கா நின்றாள். வயிற்றில் ஏழு மாதம். மற்றவர்கள் அவளுக்கு அட்டையை விட்டுக்கொடுத்தார்கள். "ஏளா, நீ போயிட்டு வா. எங்களுக்கென்ன, ஒத்த உசுருதான்." அக்காவுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று நான் குறுக்கே போய், "வரிசைப்படிதான் போகணும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள் அக்கா. மேசையே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் அட்டையைத் தொடவில்லை. விதி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அவளுக்குக் குளிர்காய்ச்சல். ஐஸில் கை வைத்து நிற்பதால்தான் என்றாள் அம்மா. நானும் நம்பி இரண்டு ஜோடி காலுறை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் இடுப்பு வலி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"வேலைக்குப் போனா எத்தனை தம்ளர் தண்ணி குடிப்ப?" என்று கேட்டார் நர்சம்மா.

"விடிய ஒரு காப்பி. பொறவு வீட்டுக்கு வந்துதான்."

"ஏன், அங்கன கக்கூஸ் இல்லையா?"

"இருக்கு. நல்ல சுத்தமா இருக்கும்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சு மூத்திரத்துல கிருமி ஏறியிருக்கு. இது பிரசவ வலியாத் திரும்பிட்டா ஏழு மாசப் பிள்ளைய வச்சு என்ன செய்வ?" என்னிடம் திரும்பினார். "கூடப்பொறந்தவன்தானே? இதெல்லாம் பாக்க மாட்டியா?"

வாய் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "அவன் என்ன செய்வான், சின்னப் பய."

ஊசியும் குளுக்கோஸுமாய் இரண்டு நாளில் வலி நின்றது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் பிரசவம் வரை இனி நின்று வேலை செய்யக் கூடாது என்றார்கள்.

அக்காவுக்கு விடுப்புக் கேட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அங்கே இறால் வாடை எட்டாது. அவர் மேசையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், பாதி காலியாக. "ஒடம்பு முடியல, வேலைய விட்டு நானே நின்னுக்கிடுதேன்னு ஒரு லெட்டர் எழுதி, அவகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. நீதான் நல்லா எழுதுவியே" என்றார்.

எழுதினேன், என் பெயரில். அட்டை மாட்டியது நான், வரிசை சொன்னது நான், அதனால்தான் அவள் தண்ணீர் குடிக்காமல் நின்றாள், அவளுக்குப் பிரசவ விடுப்பு கொடுக்க வேண்டும் என்று.

அவர் இரண்டு தடவை படித்தார். "ஏலே, இதுல ஒன்னையே மாட்டி விடுதியே?"

"அதுவும் அதுல இருக்கட்டும் சார்."

வெளியே வந்து எல்லா மேசையிலும் அட்டைகளைக் கழற்றினேன். "இனிமே யாரும் எப்பம் வேணும்னாலும் போகலாம்" என்றேன். ஒருத்தியும் நகரவில்லை. மூன்றாம் மேசையிலிருந்து ஒரு பெண், உரிக்கிற கையை நிறுத்தாமல், "நாளைக்கும் இப்படித்தானா சார்?" என்று கேட்டாள்.